சுவருக்குள் போகும் குழாய்

அன்புள்ள மகளுக்கு,

வீட்டில் தண்ணீர் லைனுக்கு வளையும் பிளாஸ்டிக் குழாய் போடலாமா, செம்பே போதுமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகப் போடு. ஆனால் எதற்காகப் போடுகிறோம் என்று தெரிந்து போடு, இல்லாவிட்டால் பாதிப் பலன்கூடக் கிடைக்காது.

பிளம்பர் சொல்லும் பெக்ஸ், பாலிஎத்திலீன்தான். சாதாரண பாலிஎத்திலீன் சூட்டில் இளகிவிடும். அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று குறுக்காகப் பிணைத்துவிட்டால் சுடுநீரையும் அழுத்தத்தையும் தாங்கும். 82 டிகிரி செல்சியஸில் 100 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) வரை தாங்கும் என்பது வழக்கமான அளவு. குழாயின் மேலேயே அச்சிட்டிருக்கும், வாங்கும்போது படித்துப் பார். புதுச் சரக்காயிற்றே என்ற பயமும் வேண்டாம். 1960-களின் இறுதியிலேயே ஐரோப்பாவில் வந்துவிட்டது. சிவப்பு, நீலம் என்பதெல்லாம் அடையாளத்துக்குத்தான், குழாய் ஒன்றுதான்.

இதில் பெரிய லாபம் ஜாயின்ட் குறைவதுதான். குழாய் நடுவில் ஒழுகுவது அபூர்வம், ஒழுகுவதெல்லாம் ஜாயின்டில். செம்புக் குழாய் திரும்பும் இடமெல்லாம் ஒரு எல்போ, அதாவது வளைவுத் துண்டு, எல்போ ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஜாயின்ட். பெக்ஸ் சுருளாக வரும், மூலையில் அப்படியே வளைத்துக்கொண்டு போகலாம். அதனால் மேனிஃபோல்டு, அதாவது வரும் தண்ணீரைப் பல லைன்களாகப் பிரித்துவிடும், லைனுக்கு ஒரு வால்வு உள்ள அமைப்பு, வைக்கச் சொல். மின்சாரப் பலகையிலிருந்து தனித்தனி ஒயர் போவது போல, அங்கிருந்து தண்ணீர் திறக்கும் ஒவ்வொரு டேப்புக்கும் வெட்டில்லாத தனி லைன். சுவருக்குள் ஒரு ஜாயின்ட்கூட இருக்காது. சமையலறையில் பழுதென்றால் அந்த ஒரு வால்வை மூடினால் போதும். குழாய் மிச்சமாகும் என்று பிளம்பர் நடுவில் 'T' வடிவ ஜாயின்ட் போட்டு லைனைப் பிரிக்கப் பார்ப்பார். ஒத்துக்கொள்ளாதே. அப்படிச் செய்வதென்றால் செம்பையே போட்டுவிடலாம்.

மற்றபடி துருப்பிடிக்காது, பற்றவைப்பு இல்லாததால் வேலை சீக்கிரம் முடியும், டேப்பைச் சட்டென மூடும்போது வரும் 'டொக்' சத்தமும் குறையும். உள்ளே தண்ணீர் உறைந்தால் கொஞ்சம் விரிந்துகொடுக்கும். அதற்காக வெடிக்கவே வெடிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதே.

வெயில் இதற்கு ஆகாது. மொட்டை மாடியில் போடவே கூடாது, சுருளைக்கூட வெளியில் கிடக்க விடாதே. ஹீட்டரிலிருந்து முதல் ஒன்றரை அடி உலோகக் குழாயாக இருக்கட்டும். வளைவு குழாயின் வெளி விட்டத்தைப் போல் எட்டு மடங்கு ஆரத்துக்குக் குறையாமல் இருந்தால் மடிப்பு விழாது. சூட்டில் செம்பைவிடப் பத்து மடங்கு நீளும், அதனால் விறைப்பாக இழுத்துக் கட்டாமல் கொஞ்சம் தளர்வு விடச் சொல். எலி கடிக்கும், குழாய் நுழையும் ஓட்டைகளை அடைத்துவிடு. உள்விட்டமும் அதே அளவுச் செம்பைவிடக் கொஞ்சம் சிறியது. ஷவருக்கு நிறையத் தண்ணீர் வேண்டுமென்றால் அந்த லைனை மட்டும் ஒரு அளவு பெரிதாக எடு.

அப்புறம், பூச்சு வேலைக்கு முன்னால் பிரஷர் டெஸ்ட் நடக்கும்போது நீ அங்கே இரு. குழாய் சற்று விரிவதால் அழுத்தம் காட்டும் மீட்டரின் முள் முதலில் கொஞ்சம் இறங்கும். அழுத்தத்தை மறுபடி ஏற்றிய பிறகும் இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது. டெஸ்ட் முடிந்ததும் எல்லாச் சுவரையும் போட்டோ எடுத்து எனக்கும் அனுப்பு. மேனிஃபோல்டை கை எட்டும் இடத்தில்தானே வைக்கிறார்கள்? அதை மட்டும் உடனே கேட்டுச் சொல்.

அன்புடன்,
அப்பா