கருவண்டை அடிக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சத்துவாச்சாரியில் வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறேன். மாடியில் தொட்டி வைத்துக் கத்தரி, தக்காளி, கொஞ்சம் கீரை போட்டிருக்கிறேன். நம்ம வேலூர் முள்ளு கத்தரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லாரும் பெருமைப்பட்டோம். ஆனால் கத்தரி நன்றாகக் காய்க்க உதவும் கருவண்டை, அதாவது மரத்தைத் துளைத்துக் கூடு வைக்கும் அந்தப் பெரிய கறுப்பு வண்டை, மட்டும் கண்ட இடத்தில் துடைப்பத்தால் அடிக்கிறோம்.

கத்தரிப் பூவில் தேன் கிடையாது. மகரந்தமும் வெளியே தெரியாது. நடுவில் மஞ்சளாக நிற்கும் குழல்களுக்குள் அடைபட்டிருக்கும். வெளியே வர ஒவ்வொரு குழலின் நுனியிலும் ஊசிமுனை அளவு ஓட்டைதான் வழி. தேனீ வந்து உட்கார்ந்தாலும் அதை உதிர்க்கத் தெரியாது. கருவண்டு பூவைக் காலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சிறகை விரிக்காமல் உடம்பை மட்டும் அதிர வைக்கும். பறக்கும்போது கேட்கிற ரீங்காரம் வேறு, இது வேறு. மிஷின் பெடலைச் சட்டென்று அழுத்தியதுபோல் சுருதி ஏறும். ஒருநாள் ரவிக்கை வெட்டி மிஞ்சிய கறுப்புத் துணியைப் பூவுக்குக் கீழே பிடித்துப் பார்த்தேன். வண்டு இரண்டு முறை ‘ர்ர்ர்’ என்றது. துணியெல்லாம் மஞ்சள் பொடி. காற்றில் செடி ஆடினாலும் காய் பிடிக்கும்தான். வண்டு வந்தால் காய்ப்பு கூடும். தக்காளிக்கும் இப்படியே.

ஆவாரம்பூவும் இந்த ரகம்தான். கணியம்பாடி வழியாக அமிர்தி உயிரியல் பூங்காவுக்குப் போகிறவர்கள் மானைப் பார்த்துவிட்டு நேராக அருவிக்கு ஓடுகிறார்கள். ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஆவாரம் பூத்திருக்கும்போது ஒரு புதர் பக்கத்தில் பிள்ளைகளைப் பேசாமல் நிற்க வைத்துப் பாருங்கள், அந்தச் சத்தத்தை அவர்களே கண்டுபிடிப்பார்கள். காலையிலேயே போய்விட வேண்டும். வெயில் ஏறினால் வண்டும் நிற்காது, நாமும் நிற்க முடியாது.

சரி, வண்டுக்குத் தேன் எங்கே? பெரும்பாலும் எருக்கில். எங்கள் தெருக்கோடியில் ஒரு காலி மனை நிறைய எருக்கும் தும்பையும் இருந்தன. போன கோடைக்கு முன்னால் பொக்லைன் வைத்து ஒட்ட வழித்துவிட்டார்கள். பாம்பு பயம் என்றார்கள், நியாயம்தான். அதன் பிறகு என் மாடிக்கு வண்டு வருவது குறைந்துபோனது. கத்தரிப் பூவும் நிறைய உதிர்ந்தது. வெயிலுக்கும் பூ உதிரும், அதனால் பழியை முழுக்கப் பொக்லைன் மேல் போட மாட்டேன். ஆனால் வேலியோரம் நாலு எருக்கை விட்டிருக்கலாம். பிள்ளையார் சதுர்த்தி வந்தால் எருக்கு மாலைக்கு அலைவதும் நாம்தானே! மாநகராட்சிப் பூங்காக்களிலும் குரோட்டன்ஸுக்கு நடுவே ஆவாரை, துளசி என்று கொஞ்சம் வைக்கலாம்.

வாசல் சட்டத்தைத் துளைக்கிறது என்று சிலர் ஓட்டையில் மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள். பெயிண்ட் அடித்த மரத்தை அது அவ்வளவாகத் தொடாது. காய்ந்த முருங்கைக் கொம்போ மூங்கிலோ மாடிச் சுவரோரம் கட்டிவைத்தால் அதில் கூடு வைக்கும். கொட்டுமே என்றும் பயம் வேண்டாம். ஆண் வண்டுக்குக் கொடுக்கே கிடையாது. பெண் வண்டும் கையில் பிடித்தால்தான் கொட்டும்.

அப்புறம், கத்தரியில் காய்ப்புழுவுக்கு மருந்து அடிக்காமல் முடியாது என்பார்கள். அடியுங்கள், ஆனால் பூவில் வண்டு மேயும் காலை நேரத்தில் வேண்டாம்; சாயங்காலம் அடியுங்கள். அணைக்கட்டு, இலவம்பாடிப் பக்கம் விவசாயிகள் கூட்டம் நடத்தும் வேளாண்மைத் துறை அதிகாரிகள் இந்த ஒன்றையாவது சொல்ல வேண்டும்.

ஒரு வாசகி,
சத்துவாச்சாரி, வேலூர்.