மகளுக்கு, அந்த மியூசிக் பற்றி

அன்பு மகள்,

படத்திலை இருந்து உன்ர மியூசிக்கைத் தூக்கிப்போட்டினம், இனிக் கலியாண வீடியோவுக்கு கீபோட் வாசிச்சாலே காணும் எண்டு நீ சொன்னதிலை இருந்து எனக்கு மனசு சரியில்லை, போனிலை கதைச்சா அழுதிடுவன், அதுதான் எழுதுறன். அந்தத் துண்டை நானும் அப்பாவும் கேட்டனாங்கள். நடுவிலை படபடவெண்டு அடிக்குதே, அப்பாக்கு அது என்னெண்டு விளங்கேல்லை, எனக்கு உடனை விளங்கீட்டுது. மீள்குடியேறி வந்த புதிசிலை கிளிநொச்சியிலை தறப்பாள் கொட்டிலுக்குள்ளை கிடந்தமே, சோளகக் காத்து அடிக்கேக்கை தறப்பாளின்ர ஓரம் கம்பிலை அடிச்சு அடிச்சு வாற சத்தம். அதை நீ இவ்வளவு காலம் காதுக்குள்ளை வைச்சிருந்திருக்கிறாய் பிள்ளை. கீபோட்டிலை அது வருமே?

நீ முந்தி சொன்ன, படங்களுக்கு மியூசிக் போடுற ஐஸ்லாந்துப் பிள்ளை, ஹில்டுர் குட்னடோட்டிர், அவவைப் பற்றித் தம்பியைக் கொண்டு தேடிப் பாத்தனான். அவவும் எடுத்த உடனை மேலை வரேல்லை, யோஹான் யோஹான்சன் மியூசிக் போட்ட படங்களுக்கு செல்லோ எண்ட பெரிய வயலின் மாதிரி வாத்தியம் வாசிச்சுக்கொண்டு இருந்தவ. பிறகு 2019இலை வந்த, அணு உலை விபத்தைப் பற்றின செர்னோபில் ரீவித் தொடருக்கு லித்துவேனியாவிலை மூடிக் கிடந்த இக்னலினா அணுமின் நிலையத்துக்குள்ளை போய் அங்கத்தைச் சத்தங்களை ரெக்கோட் பண்ணி, அதோடை தன்ர குரலையும் சேர்த்துத்தான் மியூசிக்கே செய்தவவாம். ஜோக்கர் எண்ட படத்துக்கு ஷூட்டிங்குக்கு முதலே ஸ்கிரிப்டைப் படிச்சு மியூசிக் போட்டுக் குடுத்திருக்கிறா, அந்த நடிகர் பாத்ரூமிலை ஆடுறது அதைக் கேட்டுக்கொண்டுதானாம். 2020இலை ஒஸ்கார் கிடைச்சது சந்தோசம்தான், ஆனா எனக்குப் பெரிசாத் தெரிஞ்சது மியூசிக் முன்னுக்குப் போக நடிப்பு பின்னாலை வந்ததுதான். உன்னட்டை என்ன செய்தவை? எடிட் பண்ணி முடிச்ச படத்திலை வேறை ஆற்றையோ மியூசிக்கைப் போட்டுக் காட்டி இதை மாதிரி வேணும் எண்டவை. அப்பிடிக் கேட்டா புதுசு எங்காலை வரும்?

மதர் எண்ட படத்துக்கு யோஹான்சன் முழு மியூசிக்கும் செய்து முடிச்சுப்போட்டு, படத்துக்கு இது வேண்டாம் எண்டு டைரக்டரோடை சேர்ந்து அவரே எடுத்துவிட்டவராம். அது அவரின்ர முடிவு. உன்ர விசயம் வேறை, உன்னை ஒரு வார்த்தை கேக்காமல் எடுத்தது பிழைதான், அதுக்கு நீ கோவப்படு.

கலியாண வீடியோவும் செய், வாடகை கட்டோணும். ஆனா உந்த ஃபைல் ஒண்டையும் அழிச்சுப்போடாதை, ஹாட் டிஸ்கிலை போட்டு வை. மாரிக்கு இரணைமடுக் குளத்து வான் கதவு திறக்கேக்கை தண்ணிச் சத்தத்தை ரெக்கோட் பண்ணி அனுப்பிறன் எண்டு தம்பி நிக்கிறான், என்ன மைக் வாங்கோணும் எண்டு அவனுக்கு வாட்ஸ்அப்பிலை சொல்லு.

அம்மா