டயரும் பஸ்ஸும் வேண்டாம், கொங்கிரீட் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலைக் கடலில் மீன்வளம் பெருகச் செயற்கைப் பாறை அமைக்கலாம் என்ற யோசனை நல்ல காரியம்தான். கடினமான பரப்பு கிடைத்தால் பாசியும் சிப்பியும் பற்றும், இடுக்குகளில் மீன்குஞ்சுகள் ஒதுங்கும், அவற்றைத் தேடிப் பெரிய மீன்கள் வரும். ஆனால் எதைப் போடுகிறோம் என்பது முக்கியம். 2021 இல் நெடுந்தீவுக் கடலில் செயற்கைப் பாறையாகட்டும் என்று பழைய பஸ்களை இறக்கினார்கள். அமெரிக்காவின் புளோரிடாவில் 1970களில் இதே நோக்கத்தோடு ஏறத்தாழ 20 இலட்சம் டயர்களைக் கட்டிப் போட்டார்கள். கட்டுகள் அறுந்து, டயர்கள் அலையில் உருண்டு, உயிரோடிருந்த முருகைக்கற்களையே (பவளப்பாறைகளையே) நொறுக்கின. இன்றுவரை அவற்றை அள்ளி முடியவில்லை. தூத்துக்குடி வான் தீவருகே துளைகள் விட்ட கொங்கிரீட் கட்டமைப்புகளை வைத்தார்கள். நமக்கு அதுதான் பொருத்தம்.

அப்புறம் இன்னொன்று. கழிவுநீரும் பிளாஸ்டிக்கும் நமது கொட்டியாரக் குடாவுக்குள் வந்துகொண்டே இருந்தால், கலங்கிய நீரில் எந்தப் பாறையிலும் முருகைக்கல் வளராது. வெளிச்சம் வேண்டும் அதற்கு. வெடி வைத்து மீன் பிடிப்பதையும் நிறுத்தாவிட்டால், புதுப் பாறை மீன்களை ஒரே இடத்தில் திரட்டிக் கொடுத்ததாகவே முடியும். இதைச் சொல்ல மனம் வலிக்கிறது.

ஆகவே முதலில் வடிகால் நீரைச் சுத்திகரியுங்கள். பாறை போடும் இடத்தை, நீரோட்டமும் வலைபடும் இடமும் தெரிந்த நிலாவெளி, மூதூர் கடற்றொழிலாளர் சங்கங்களோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். நிலாவெளிக்கு அருகேயுள்ள புறாத்தீவின் இயற்கை முருகைக்கற்பாறைகளுக்குப் பக்கத்தில் மட்டும் எதையும் இறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருகோணமலை