டாப் கம்பியை மிதிக்க விடாதீர்கள்

சிங்கப்பூர்க் கட்டுமானத் தளங்களில் பொறுப்பில் இருக்கும் தமிழ்ப் பொறியாளர்களுக்கும் சூப்பர்வைசர்களுக்கும்,

வணக்கம். ஸ்லாபுக்கான கம்பியைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டாயிற்று, கான்கிரீட் பம்பும் வந்துவிட்டது. அதன் பிறகு நடப்பதைப் பற்றித்தான் இந்த மடல். தம்பிகள் கான்கிரீட் குழாயை இழுத்துக்கொண்டு டாப் கம்பி, அதாவது ஸ்லாபின் மேல்பக்கக் கம்பி, மேலேயே நடக்கிறார்கள். அந்தக் கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் சேர் (கம்பித் தாங்கி) மடங்குகிறது, கம்பி இறங்குகிறது. மறுபடி டேப் வைத்து அளப்பவர் யாரும் இல்லை.

பீம் இல்லாத ஸ்லாபில் தூணைச் சுற்றியுள்ள டாப் கம்பிதான் உயிர். அப்பளத்தில் விரலை வைத்து அழுத்தினால் என்ன ஆகும்? அப்படித் தூண் ஸ்லாபைத் துளைத்துக்கொண்டு போவதுதான் பஞ்சிங் ஷியர். வளைவில் தோற்கும் ஸ்லாப் தொய்ந்து, வெடிப்புக் காட்டி, நம்மை எச்சரிக்கும். பஞ்சிங் ஷியர் பெரும்பாலும் அந்த அவகாசத்தைத் தராது.

ஷியர் கம்பி (இந்தத் துளைப்பைத் தடுக்கத் தனியாகப் போடும் கம்பி) இல்லாத 250 மி.மீ. ஸ்லாப், 400 மி.மீ. சதுரத் தூண் என்று வைத்துக்கொள்வோம். ஸ்லாபின் அடியிலிருந்து டாப் கம்பி வரை ஆழம் 209 மி.மீ. ஸ்லாப் எவ்வளவு தாங்கும் என்று கணக்கிட, தூண் முகத்திலிருந்து இந்த ஆழத்தைப் போல் 2 மடங்கு தள்ளிச் சுற்றளவு வரைகிறது யூரோகோட் 2 என்ற கான்கிரீட் வடிவமைப்பு விதிநூல். (பழைய பிரிட்டிஷ் விதிநூலான பிஎஸ் 8110 படித்து வளர்ந்த எனக்கு இன்னும் ஒன்றரை மடங்குதான் முதலில் வாயில் வருகிறது.) கம்பி 40 மி.மீ. இறங்கினால் ஆழமும் குறைகிறது, சுற்றளவும் சுருங்குகிறது. நான் போட்டுப் பார்த்த கணக்கில் தாங்குதிறனில் சுமார் 23 விழுக்காடு போய்விடுகிறது. ஒரு பூட்ஸ் கால் செய்கிற வேலை இது!

பின்னால் சோதனையில் பிடிபடும் என்று நம்பாதீர்கள். 1986-இல் சிராங்கூன் சாலையில் ஹோட்டல் நியூ வோர்ல்ட் இடிந்து 33 பேர் மாண்டார்கள். அதன் பிறகு வந்த சட்டப்படி குடியிருப்புகளுக்கு 10 ஆண்டுக்கு ஒருமுறை, மற்றக் கட்டடங்களுக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை சோதனை உண்டு. ஆனால் அது கண்ணால் பார்ப்பதில் தொடங்குவது. கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கிடக்கும் கம்பி எந்தக் கண்ணுக்குத் தெரியும்?

1997-இல் இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டனில் பைப்பர்ஸ் ரோ கார் நிறுத்தத்தின் மேல்தளம் இப்படித்தான் தூண்களைச் சுற்றிப் பிய்ந்து விழுந்தது. அங்கே காரணம் வேறு, கான்கிரீட் சிதைந்திருந்தது. இரவு நேரம் என்பதால் ஆள்சேதம் இல்லை.

நான் கேட்பது அதிகமில்லை. நடப்பதற்குப் பலகை போடுங்கள். தூணருகே சேர்களை நெருக்கி வையுங்கள். பம்ப் ஓடும்போது டேப்போடு ஒருவரை நிறுத்துங்கள். கம்பி இறங்கியிருந்தால் தம்பிகளைத் திட்ட வேண்டாம். பலகை கேட்டால் "டைம் இல்லை" என்று சொன்னது நாம்தான்.

இப்படிக்கு,
தளத்தில் நிற்கும் ஒரு சூப்பர்வைசர்