அடைப்பு மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த கண் வறட்சிக் கட்டுரை, கண்ணீர் சீக்கிரம் உலர்ந்துவிடாமல் காக்கும் இமை எண்ணெய்ச் சுரப்பிகளை ஒரே வரியில் முடித்துவிட்டது: அடைத்துக்கொள்ளும், வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். மூன்று ஆண்டுகளாக இந்தத் தொல்லையோடு மல்லுக்கட்டும் எனக்கு அந்த ஒரு வரி போதவில்லை.

ஒருநாள் மருத்துவர் என் கீழிமை விளிம்பை மெல்ல அழுத்தி, அதைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். தெளிந்த எண்ணெயாகத் துளிர்க்க வேண்டியது, பற்பசை போல வெள்ளையாக நெளிந்து வந்தது. அடுத்து அகச்சிவப்புப் படம். வரிசையாக நிற்க வேண்டிய சுரப்பிகளுக்கு நடுவே, பல் விழுந்த ஈறு போல இரண்டு இடங்கள் வெறுமையாகக் கிடந்தன. அடைப்பை எடுத்துவிடலாம், இல்லாத சுரப்பியில் எதை எடுப்பது?

1666இல் ஹைன்ரிச் மைபோம் விவரித்ததால் இவற்றுக்கு மைபோமியன் சுரப்பிகள் என்று பெயர். இவற்றின் செல்கள் எண்ணெயைச் சுரந்துவிட்டுப் பிழைத்திருப்பவை அல்ல. வயிறு முட்டக் கொழுப்பை நிரப்பிக்கொண்டு, வெடித்து, தாங்களே எண்ணெயாகிவிடுகின்றன. அதனால் ஓரத்தில் புதிய செல்கள் பிறந்துகொண்டே இருக்க வேண்டும். எப்போது பிறப்பது, எப்போது கொழுப்பைச் சேர்க்கத் தொடங்குவது என்பதையெல்லாம் செல்களுக்கு வந்து சேரும் சமிக்ஞைகள் முடிவு செய்கின்றன.

அவற்றில் ஒன்று ஆண்ட்ரோஜன் ஹார்மோன். பெயரைப் பார்த்து ஆண்கள் சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பெண்கள் உடலிலும் அது உண்டு, வயது ஏற ஏறக் குறையவும் செய்கிறது. செல்லுக்குள் சமிக்ஞையை வாங்கிக்கொள்ளும் புரதமான ஏற்பியோடு சேர்ந்து, கொழுப்பைத் தயாரிக்கும் மரபணுக்களை அது முடுக்கிவிடுகிறது. பிபிஏஆர் காமா என்ற புரதத்துக்கும் அதே போன்ற வேலைதான். எஃப்ஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியின் ஏற்பி ஒன்றை எலிகளில் நீக்கிப் பார்த்தபோது சுரப்பியே நலிந்துபோனது.

இதெல்லாம் ஆய்வகத்துச் சங்கதி, வாசகருக்கு எதற்கு என்று கட்டுரையாளர் நினைத்திருக்கலாம். ஆனால் இந்தச் சமிக்ஞைகளில் கைவைக்கும் மருந்துகளை மக்கள் விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள். புராஸ்டேட் புற்றுநோய்க்காக ஆண்ட்ரோஜனை அடக்கும் சிகிச்சை, இமை எண்ணெயின் தன்மையையே மாற்றக்கூடும். கடுமையான முகப்பருவுக்குத் தரப்படும் ஐசோட்ரெட்டினாயின், முகத்தின் எண்ணெய்ச் சுரப்பிகளைச் சுருக்குவதற்காகவே தரப்படுவது. இமைச் சுரப்பிகளையும் அது விட்டுவைப்பதில்லை. பயந்துபோய் யாரும் தாமாக மாத்திரையை நிறுத்த வேண்டாம், மருத்துவரிடம் பேசினால் போதும். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு பத்தியாவது இருந்திருக்கலாம்.

ஒத்தடத்தை நான் குறை சொல்லவில்லை. தினமும் பத்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு நானும் கொடுக்கிறேன். கெட்டிப்பட்ட எண்ணெய் இளகுகிறது. மாலையில் எரிச்சல் குறைகிறது. ஆனால் அந்த வெறும் இடங்கள் அப்படியேதான் இருக்கின்றன.

முதல் இரண்டு மருத்துவர்களும் சொட்டு மருந்தை எழுதித் தந்து அனுப்பிவிட்டார்கள். வேறு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று முதன்முதலாகக் கேட்டவர் மூன்றாமவர்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி