பொழுதோடக் காப்பி

பல்லடம்,
ஞாயிறு காலை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் நலம். ஆத்தாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. தறி ஓடுகிறது, நூல் விலைதான் கழுத்தைப் பிடிக்கிறது.

ராத்திரி மூன்று மணி வரை விழித்துக் கிடக்கிறேன் என்று போனில் சொன்னாயே, அதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. ஒரு நாளைக்கு எத்தனை காப்பி, டீ குடிக்கிறாய் என்று எண்ணிப் பார். நான் போன ஆடியில் எண்ணினேன். ஏழு! பாதிக்கு மேல் தறிக்குடோனில் நின்றபடியே குடித்தவை, ருசி கூட ஞாபகமில்லை.

ஒரேயடியாக நிறுத்தினேன். அது தப்பு. மறுநாள் காங்கயத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்தால் நெற்றிப்பொட்டு இரண்டும் விண்விண்ணென்று தெறிக்கிறது. எழுந்துபோய் காரில் ஈரத்துண்டைக் கண்மேல் போட்டுப் படுத்துவிட்டேன். காப்பி மூளையின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி வைக்குமாம். திடீரென்று நிறுத்தினால் அவை விரிவதில்தான் அந்த வலி என்றார் டாக்டர். நிறுத்திய 12 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கும், ஒரு வாரம் கூட இழுக்கும். நாலைந்து நாளைக்கு ஒருமுறை ஒரு டம்ளர் வீதம் குறைத்துக்கொண்டே வரச் சொன்னார். அப்படிச் செய்தபோது வலியே இல்லை.

முதலில் விட்டது பொழுதோடக் காப்பியை, அதுதான் சாயங்காலம் குடிப்பதை. குடித்து ஐந்து மணி நேரம் ஆனாலும், காப்பியில் தூக்கத்தை விரட்டும் கஃபீன் என்ற பொருளில் பாதி உடம்பிலேயே நிற்கும். பகலெல்லாம் மூளையில் அடினோசின் என்றொரு பொருள் சேர்ந்து தூக்கத்தைக் கூப்பிடும்; அது உட்கார வேண்டிய இடத்தில் கஃபீன் போய் உட்கார்ந்துகொள்கிறது. அசதி போவதில்லை மாப்பிள்ளை, நமக்குத் தெரியாமல் இருக்கிறது, அவ்வளவுதான். டீயையும் கணக்கில் சேர்த்துக்கொள். சிக்கரியில் கஃபீன் கிடையாது, அதனால் சிக்கரி கூடுதலாகக் கலந்த தூளுக்கு மாறினாலும் கொஞ்சம் குறையும்.

இதைவிடச் சிரமம் சொந்தக்காரர் வீடுகள். நம் பக்கம் வாசலில் கால் வைத்ததும் "வாங்க, காப்பி குடிங்க" தானே. அவினாசி அத்தை வீட்டுக்குப் போனபோது அடுப்பில் பால் ஏற்கெனவே ஏறிவிட்டது. வேண்டாம் என்றதும் முகம் வாடிப்போய், "ஏங் கண்ணு, எங்கூட்டுக் காப்பி ஆகாதா?" என்றார். மோர் இருந்தால் கொடுங்கத்தை என்றேன். உடனே புழக்கடைக்குப் போய்க் கறிவேப்பிலை உருவி வந்து, இஞ்சியோடு அம்மியில் வைத்து நசுக்கிப் போட்டு, சொம்பு நிறையக் கொண்டு வந்தார். குடித்து முடிக்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். வெறுமனே வேண்டாம் என்று சொல்லாமல் வேறொன்றைக் கேட்டு வாங்கிக் குடித்துவிடு. யார் மனசும் நோகாது.

இப்போது எனக்கு இரண்டுதான். விடியக்காலம் ஆத்தா கையால் ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று. பத்தரைக்குப் படுத்தால் காட்டுப்பக்கம் மயில் அகவும்போதுதான் விழிப்பு வருகிறது.

மாத்திரை கீத்திரை என்று போவதற்கு முன்னால் ஒரு மாதம் இதைச் செய்து பார். அப்புறமும் தூக்கம் வரவில்லை என்றால் டாக்டரிடம் நானே கூட வருகிறேன்.

வருகிற சனிக்கிழமை இங்கே வந்து தங்கு. பொழுதோட ஆத்தா சுக்கும் மல்லியும் தட்டிப் போட்டுக் கொதிக்க வைக்கும். பேர்தான் காப்பி, அதில் கஃபீன் துளியும் இல்லை. கருப்பட்டி வாங்கி வைத்துவிட்டேன்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை