ஆத்தா சத்தம் போடாத நாட்கள்

காரைக்குடி,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. அப்பாவுக்கு அடுத்த மாதம் முழங்கால் மாற்று ஆபரேஷன் என்று எழுதியிருந்தாய். போனில் பேசியிருக்கலாம். பேசினால் "எல்லாம் நல்லா நடக்கும்டா" என்று சொல்லி வைத்துவிடுவேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஆத்தா வீட்டு நடு முற்றத்து வளவில் வழுக்கி விழுந்தது உனக்குத் தெரியும். மழைத்தண்ணீர் தெறித்த ஆத்தங்குடிக் கல், 82 வயதுக் கால். இடுப்பெலும்பு முறிந்தது. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் மறுநாளே ஆபரேஷன். எலும்பு நன்றாகவே சேர்ந்தது, அதில் குறையில்லை.

இரண்டாம் நாள் பொழுது சாய்ந்ததும் ஆரம்பித்தது. கையில் ஏறிக்கொண்டிருந்த டிரிப் குழாயைப் பிடித்து இழுத்து, "இந்தக் கயித்த எவன் கட்டினான்?" என்று கேட்டார். முகப்புக் கதவைச் சாத்தச் சொன்னார். என்னைப் பார்த்து, "யாருப்பா நீ, உங்க ஆத்தா தேட மாட்டாளா?" என்றார். காலையில் தெளிவாகக் காப்பி கேட்டார், சாயங்காலம் மறுபடியும் அதேதான். டெலிரியம் என்றார்கள், திடீரென்று வந்து ஏறி இறங்கும் புத்திக் குழப்பம். வயதானவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு, அதிலும் இடுப்பெலும்பு முறிவுக்குப் பிறகு, இது அடிக்கடி வருமாம். யாரும் எங்களிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை.

நான்காம் நாள் அடங்கிவிட்டார். "பாட்டி இப்போ தொந்தரவே இல்ல" என்று நர்ஸ் சொன்னார். எங்களுக்கும் நிம்மதி. வீட்டுக்குக் கூட்டி வந்தோம். வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் உட்கார வைத்தால் உட்கார்ந்தார், ஊட்டினால் சாப்பிட்டார். பார்க்க வந்தவர்கள் எல்லாம் "ஆச்சி நல்லா தேறிட்டாக" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சாம்பார் கொதிக்கும்போதே உப்பு குறைச்சல் என்று அங்கிருந்து குரல் கொடுக்கிற மனுஷி, இரண்டு வாரமாக ஒரு சொல் குறை சொல்லவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? சத்தம் போட்டபோது நாலு பேர் ஓடினோம். பேசாமல் இருந்தபோது ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டு ஆச்சி பாதி முடைந்த பனையோலைக் கொட்டான் கூடை ஒன்றைக் கையில் கொடுத்துப் பார்த்தார். ஆத்தா கண்ணை மூடிக்கொண்டு முடைவாரே, நீ பார்த்திருக்கிறாய். சிவப்பு ஓலையை எடுத்தார். ஒன்றுக்கு மேலே, ஒன்றுக்குக் கீழே, மறுபடி மேலே. அப்புறம் இரண்டு ஓலைக்குச் சேர்த்து மேலே போய்விட்டது. பிரித்தார். மறுபடி அதே இடத்தில் அதே தப்பு. மூன்றாம் முறை பிரிக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை.

சொந்தக்காரர்கள் பழியை மயக்க மருந்தின் மேல் போட்டார்கள். ஆத்தாவுக்கு முழு மயக்கமே கொடுக்கவில்லை, முதுகில் ஊசிதான். எந்த மயக்கம் என்பதால் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் இடுப்பெலும்பு முறிந்தவர்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வுகள் சொல்கின்றனவாம். காயத்தால் உடம்பெல்லாம் பரவும் அழற்சி, வலி, தூக்கமின்மை, கிருமித் தொற்று எல்லாம் சேர்ந்து மூளையைத் தாக்குகின்றன. 1998-இல் வந்த ஒரு ஆய்வைப் பற்றிப் படித்தேன். பெரிய ஆபரேஷன் செய்துகொண்ட, 60 வயதுக்கு மேற்பட்ட 1,218 பேர். ஒரு வாரத்தில் நாலில் ஒருவருக்கு நினைவும் கவனமும் குறைந்திருந்தன, மூன்று மாதத்தில் பத்தில் ஒருவருக்கு. அதாவது நிறையப் பேர் மீண்டுவிடுகிறார்கள். அந்த ஒன்பது பேரில் ஆத்தா வர வேண்டும் என்று பிள்ளையார்பட்டிக்கு ஒரு நடை போய்விட்டு வந்தேன்.

கடைசியில் ஒரு மனநல மருத்துவரிடம் போனோம். ஆமாம், இல்லை என்று பதில் சொல்லும்படி பதினைந்து கேள்வி கேட்டார். பாதிக்கு ஆத்தா "தெரியல" என்றார், யோசிக்கக்கூட இல்லை. யோசித்துத் தப்பாகச் சொல்வது வேறு, முயற்சியே செய்யாமல் தெரியாது என்பது வேறு, இரண்டாவது மனச்சோர்வாக இருக்க வாய்ப்பு அதிகம் என்றார். ரத்தத்தில் சோடியமும் குறைந்திருந்தது. தூக்க மாத்திரையையும், சளிக்கு நாங்களாகக் கொடுத்த மாத்திரையையும் நிறுத்தச் சொன்னார். இரண்டுமே இந்த வயதில் குழப்பத்தைக் கூட்டுமாம். சோடியம் சரியான பிறகுதான் மனச்சோர்வுக்குச் சின்ன அளவில் மாத்திரை. அந்த மாத்திரையே சோடியத்தை இறக்கலாம் என்று இரண்டாம் வாரம் மறுபடி ரத்தம் எடுத்தார்.

இப்போது வெட்கக்கேடான விஷயம். ஆபரேஷனுக்கு முன்னால் கண்ணாடி, காது மிஷின் எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்தார்கள். தொலைந்துவிடக் கூடாதே என்று நான்தான் கைக்குட்டையில் முடிந்து பையில் வைத்தேன். பதினோரு நாள் அது பையிலேயே இருந்தது. ராத்திரி பகல் தெரியாமல் லைட் எரிகிற அறையில் காதும் கேட்காமல் கண்ணும் தெரியாமல் கிடந்தால் நமக்கே புத்தி கலங்கும்.

உன் அப்பாவுக்கு நினைவு எப்படி இருக்கிறது என்று ஆபரேஷனுக்கு முன்பே ஒருமுறை பார்த்து எழுதி வைக்கச் சொல். மாத்திரை எல்லாவற்றையும் டாக்டரிடம் காட்டு. அவர் சாயங்காலம் குடிக்கிற அந்த ஒரு கிளாஸையும் மறைக்காதே. பழகிய உடம்பில் அது திடீரென்று நின்றாலும் குழப்பம் வரும். கண் முழித்ததும் கண்ணாடியை மாட்டிவிடு. எவ்வளவு சீக்கிரம் எழுப்பி நடக்க வைக்கிறார்களோ அவ்வளவு நல்லது.

ஆத்தா இப்போது முகப்பு வரை வாக்கரில் நடக்கிறார். ஏழு மாதம் ஆகிறது. பால் கணக்கு பிடிபடவில்லை, கொட்டானைத் தொடுவதில்லை. ஆனால் போன வாரம் என் மருமகளிடம் கந்தரப்ப மாவு நீர்த்துவிட்டது என்று ஒரு மூச்சு திட்டினார். அவள் அழுதாள், நான் சிரித்துவிட்டேன், இப்போது இருவரும் என்னோடு பேசுவதில்லை.

தேதி முடிவானதும் சொல். முதல் மூன்று ராத்திரி நான் கோயம்புத்தூருக்கு வந்து உட்காருகிறேன். அப்பா யாரென்று தெரியாமல் என்னை அடித்தாலும் பரவாயில்லை. எட்டாம் வகுப்பில் உங்கள் தோட்டத்து மாங்காயைத் திருடியதற்கு அவரிடம் இன்னும் ஒரு அடி பாக்கி இருக்கிறது.

உன்,
காரைக்குடிக்காரன்